பன்னிரண்டு மணிக்குள்

டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் நுழைந்து ஒரு கம்பியைப் பிடித்து நின்ற பிறகுதான் சின்னவள் டிரைவரின் பின்கழுத்தைப் பார்த்தாள். வலது காதுக்குக் கீழே நாலு தையல் போட்ட தழும்பு. மாடிப்படியில் உருண்டு விழுந்த அன்று அந்தத் தலையை மடியில் வைத்து அழுதவளே அவள்தான். பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தது அவளுடைய அண்ணன்.

அண்ணன் ஏழாம் நம்பர் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகூட, "இந்த வாரம் உனக்கு எந்த ஷிப்ட்?" என்று பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அதனால்தான் பன்னிரண்டாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தாள். யாருக்கோ உடம்பு சரியில்லாமல் போயிருக்க வேண்டும், டிப்போவில் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

லேப் கோட்டின் பொத்தானை மேலே வரை போட்டுக்கொண்டாள். உள்ளே புது உடை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தவரை அவள் வழக்கம்போல ரத்தம் எடுக்கும் வேலைக்குத்தான் போயிருக்கிறாள். உண்மையில் பதினொன்றரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் அவளுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை விஷயத்தில் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கப்பலில் எலெக்ட்ரீஷியன். அப்பாவே விசாரித்து, "பையன் தங்கம்" என்று சொல்லி முடித்த சம்பந்தம். வீட்டில் அவருக்குக் கப்பல்காரர் என்றே பெயர். சிக்கல் எல்லாம் கல்யாணத்தின் அளவில்தான் வந்தது. அப்பா இரும்புக்கடை வைத்திருக்கிறார். ஆணி, கீல், தாழ்ப்பாள் வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் வீட்டு விசேஷத்துக்கும் முப்பது வருஷமாக மொய்க்கவரோடு போய்வந்தவர். அண்ணன் கல்யாணத்தின்போது அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் பதினைந்து பேரோடு அது முடிந்துவிட்டது. "எல்லாரையும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வெச்சு சாப்பாடு போடணும். அது சின்னவ கல்யாணம்தான்" என்று ஒரு நோட்டில் பெயர் எழுத ஆரம்பித்தார். நானூறில் ஆரம்பித்தது எண்ணூறானது. மண்டபம் போதவில்லை என்று ஒரு தடவை தேதி தள்ளிப்போனது. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று இன்னொரு தடவை. மூன்றாவது தடவை நினைத்த மண்டபமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கப்பல்காரர் கப்பலேறிவிடுவார், திரும்பி வர ஒன்பது மாசம் ஆகும். இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் கிளம்புகிறார்.

"சின்னதா பண்ணலாம்பா" என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அப்பா சிரித்தார். "நீ சும்மா இரு, அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்." மூன்றாவது முறை சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்பா கத்துகிறவர் இல்லை, கை ஓங்கியதும் கிடையாது. ஆனால் பேச்சை நிறுத்திவிடுவார். அவருடைய ஒரே தங்கை, சின்னவளின் அத்தை, பதினொரு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார். அந்தச் செய்தியைக் கடைக்கு வந்த ஒருத்தர்தான் கல்லாவில் நின்றுகொண்டு அப்பாவிடம் சொன்னார். அப்பா அந்த ஆளுக்குக் கேட்ட ஆணியை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றோடு சரி. அத்தை பெயர் அந்த வீட்டில் வந்ததே இல்லை. ஒருநாள் மார்க்கெட்டில் அத்தை நேருக்கு நேராக வந்து, "அண்ணே" என்று நின்றார். அப்பா முகத்தில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு வழிவிடுகிற மாதிரி மரியாதையாக ஒதுங்கி நின்றார். பக்கத்தில் பதினைந்து வயசுச் சின்னவள் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த மரியாதைக்குத்தான் அவள் இன்றைக்கும் பயப்படுகிறாள்.

அந்த அத்தைதான் இன்றைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவர்.

மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை பார்க்க லேப்புக்கு வந்தார். படிவத்தில் பெயரைப் படித்துவிட்டுச் சின்னவள் நிமிர்ந்தாள். கையை நீட்டி உட்கார்ந்திருந்தவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மூன்று மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிற சாக்கில் இருவரும் அரைமணி நேரம் பேசுவார்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த பஸ்ஸில், இன்னும் மூன்று நிறுத்தம் தாண்டி, அவர் ஏறுவார்.

சின்னவள் கைப்பேசியை எடுத்தாள். "அத்தை, ஏறாதீங்க" என்று செய்தி அனுப்பினாள். போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை போனைப் பைக்குள் அடியில் போட்டு, அதன்மேல் தண்ணீர் பாட்டில், குடை, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் வைக்கிறவர். அது அடிப்பது உலகத்துக்கே கேட்டாலும் அவருக்கு மட்டும் கேட்காது.

இறங்கிவிடலாமா? இறங்கினால் அத்தை மட்டும் இந்த பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில் மாட்டிக்கொள்வார். பின்படிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மூட்டையும் ஆறு பேரும் இருந்தார்கள். அவள் யோசித்து முடிப்பதற்குள் மூன்றாவது நிறுத்தம் வந்துவிட்டது.

முட்டிவலிக்காரர் என்பதால் அத்தை முன்படியில் ஏறினார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்க மேலே வந்து, டிரைவரிடம், "கொஞ்சம் பார்த்து எடுப்பா, கால் முடியல" என்றார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

அண்ணன் அவரைப் பார்த்தான். ஸ்டியரிங்கில் இருந்த அவன் விரல்கள் ஒரு கணம் இறுகியதைச் சின்னவள் அங்கிருந்தே பார்த்தாள். பஸ் கிளம்பவில்லை.

"உட்காருங்க," என்றான். "உட்கார்ந்ததும் எடுக்கறேன்."

அத்தை அவனுக்குப் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, குடையைச் சரிசெய்து, திரும்பிப் பார்த்தார். சின்னவள் தலையை வேகமாக ஆட்டினாள். வேண்டாம், கூப்பிடாதீங்க. அத்தைக்கு அது வேறு மாதிரி புரிந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சின்னவளே, இங்க வா, பக்கத்துல இடம் இருக்கு" என்றார்.

கண்ணாடியில் அண்ணனின் கண்கள் மேலே ஏறின.

அந்த இருபது அடி தூரத்தை நடந்து முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. யாரோ காலை மிதித்தார்கள். யாரோ "பார்த்துப் போம்மா" என்றார்கள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டிரைவர்," என்று காதில் கிசுகிசுத்தாள். "அண்ணன்."

அத்தை முன்னால் இருந்த அந்தக் கழுத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். சிரிப்பு வடிந்துபோய் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

பாதி வழியில் நேரம் குறிக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே கண்டக்டர் இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அண்ணன் பஸ்ஸை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. அவன் திரும்பாமல், கண்ணாடியைப் பார்த்தே பேசினான்.

"வேலைக்குப் போகலையா?"

"லீவு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அவள் லேப் கோட்டின் மேல்பொத்தானைத் திருகினாள்.

"கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புது. நீ செவ்வாய்க்கிழமை காலையில இந்தப் பக்கம் போற. கூட இவங்க." அவன் குரல் தாழ்ந்தது. "எனக்கு என்ன, தலையில மூளைக்குப் பதிலா டீசலா இருக்கு?"

"அண்ணா, யார்கிட்டயும் சொல்லாத. கையெழுத்துப் போட்டதும் நானே ஒருநாள் பார்த்து..."

"ஒருநாள்னா எப்போ? அவரு மண்டபத்துக்கு முன்பணம் கட்டினப்புறமா?"

"பெரியவனே," என்று அத்தை மெதுவாகக் கூப்பிட்டார்.

அவன் அதற்குத் திரும்பவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது. "நான் பார்க்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றான். "பார்த்துட்டேன். இன்னிக்கு சாயங்காலம் அவர் முன்னாடி உட்கார்ந்து நான் எப்படி டீ குடிப்பேன்? எல்லாம் தெரிஞ்சும் சொல்லலன்னு நாளைக்குத் தெரிஞ்சா, என்கிட்டயும் பேச்சை நிறுத்திடுவாரு. எனக்கும் பயம்தான் சின்னவளே."

இருபத்தெட்டு வயசு ஆள், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறவன், அப்படிச் சொன்னான்.

"பன்னிரண்டு மணிக்கு நான் டிப்போல இருப்பேன். உனக்குப் போன் பண்ணுவேன். அதுக்குள்ள நீயே அவர்கிட்ட சொல்லிடு. இல்லன்னா நான் சொல்ல வேண்டி வரும்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஏறினார். அதற்குப் பிறகு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பதிவு அலுவலக நிறுத்தத்தில் மட்டும், அத்தை இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்வரை பஸ்ஸை எடுக்காமல் காத்திருந்தான்.

அலுவலகத்தின் நடைக்கூடத்தில் இரண்டு பெஞ்சும் கழுத்து ஆடுகிற ஒரு மின்விசிறியும் இருந்தன. கப்பல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் மடிப்பு கலையாமல் நின்றுகொண்டிருந்தார். கூடவே அவருடைய நண்பர், ஒரு வெல்டர், இரண்டாவது சாட்சி. சின்னவள் நடந்ததைச் சொல்லச் சொல்லக் கப்பல்காரர் முகம் வெளுத்தது.

"இன்னிக்கு வேண்டாம்னா விட்டுடலாம்," என்றார். "ஒன்பது மாசம்தானே."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்போ சொல்லிடலாமா? நான் பேசட்டுமா?"

"நீங்க பேசினா, பொண்ணு வாயில கொழுக்கட்டையான்னு கேப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. மணி பதினொன்று ஐந்து. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தடவியபடி, "நான் அன்னிக்கு சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார், யாருக்கென்று இல்லாமல். "முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். எனக்கு முன்னாடி யாரோ போய்ச் சொல்லிட்டாங்க." அவ்வளவுதான் சொன்னார். பிறகு பையில் மாத்திரை தேட ஆரம்பித்தார்.

சின்னவள் போனைக் கையில் எடுத்தாள். அப்பா எண் திரையில் இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் போகவில்லை. வேலையில் எத்தனை பயந்த குழந்தைகள், எத்தனை மெல்லிய நரம்புகள், ஒருநாள்கூட இந்தக் கை தடுமாறியதில்லை. இன்றைக்குப் பொத்தானை அழுத்த வரவில்லை. மணி பதினொன்று எட்டு. வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தாள்.

அப்போது போன் தானாகவே அடித்தது. திரையில் அப்பா.

வேலை நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. அண்ணன் சொல்லிவிட்டான் என்று நினைத்தாள். படிக்கட்டுத் திருப்பத்துக்கு ஓடி, சுவரில் சாய்ந்துகொண்டு எடுத்தாள்.

"வேலையா இருக்கியா?" என்றார் அப்பா. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"இல்லப்பா. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். உன் லேப்ல எத்தனை பேருன்னு கேட்கலாம்னு. நான் நாற்பதுன்னு போட்டிருக்கேன். டாக்டருங்க தனி."

"ஒன்பது பேருதான்பா."

"ஒன்பதா? அவங்க வீட்ல இருக்கறவங்க, பிள்ளைங்க எல்லாம் வரமாட்டாங்களா? என்னம்மா நீ, சின்ன மனசா இருக்க." பின்னால் யாரோ கதவுக் கீல் கேட்டார்கள். "எத்தனை அங்குலம் வேணும்?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, "சரி, நாற்பதாவே இருக்கட்டும். வெச்சிடறேன்" என்றார்.

வைத்துவிடுவார். வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடத் தனக்குத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, வெச்சிடாதீங்க. நான் லேப்ல இல்ல."

"பின்ன?"

"ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இருக்கேன். அவரும் இருக்காரு. பதினொன்றரைக்குக் கையெழுத்து." ஒரே மூச்சில் சொன்னாள். "எண்ணூறு பேருக்கு நடுவுல நிக்க முடியாதுன்னு சொல்லிப் பார்த்தேன்பா. நீங்க சிரிச்சீங்க. இன்னும் ஒன்பது மாசம் தள்ள எங்களால முடியல. நீங்க வரணும்பா. இருபது நிமிஷம் இருக்கு, ஒரு ஆட்டோ பிடிச்சா வந்துடலாம்."

கடையில் தராசுத் தட்டு கடகடவென்று ஆடி நின்ற சத்தம் கேட்டது.

"சாட்சி யாரு?"

வெல்டர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஒரு கணம் அதைத்தான் நினைத்தாள்.

"அவரோட ஃப்ரெண்டு ஒருத்தரு," என்றாள். "அப்புறம் அத்தை."

"மூணு அங்குலம்தான்" என்றது பின்னால் அந்தக் குரல். "ரெண்டாவது அலமாரியில பாருங்க" என்றார் அப்பா. அது அந்த ஆளுக்கு. பிறகு இணைப்பு போய்விட்டது.

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கப்பல்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பதினொன்றரைக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் வாசலைப் பார்த்தாள். ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து யாரோ ஒரு வக்கீல் இறங்கினார். பதினொன்று நாற்பதுக்கு இன்னொரு முறை கூப்பிட்டார்கள், இந்த முறை கொஞ்சம் எரிச்சலாக.

மூக்குநுனியில் கண்ணாடி வைத்திருந்த குமாஸ்தா அவள் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். "கையை நடுங்காம போடுங்கம்மா. நாளைக்கு இதை எங்கயாவது காட்டினா உங்க கையெழுத்தே இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க." அவள் பேனாவை வைத்துவிட்டு, விரல்களை மடக்கி விரித்து, மறுபடி போட்டாள். அத்தை தன் பெயரைப் பிறந்த வீட்டு முதலெழுத்தோடு எழுதினார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வெல்டர் மட்டும் எல்லாருக்கும் கை கொடுத்தார்.

சரியாகப் பன்னிரண்டுக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அண்ணன், "நான் வீட்டுக்குப் போறேன்" என்றான்.

நாலு மணிக்கு அவளும் கப்பல்காரரும் வீட்டு வாசலில் நின்றார்கள். அத்தை வரவில்லை, கூப்பிட்டும் வரவில்லை. கதவைத் திறந்த அம்மா அழுது முடித்த முகத்தோடு இருந்தார். "ஏண்டி, என்கிட்ட முதல்ல சொல்லியிருந்தா நான் என்ன கத்தியைத் தூக்கியிருப்பேனா?" என்று தோளில் ஒரு அடி வைத்தார். பிறகு அதே கையால் அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அப்பா மத்தியானமே கடையை மூடிவிட்டு வந்திருந்தார். மழைக்கும் வெயிலுக்கும் மூடாத கடை. மேஜையில் நோட்டு விரித்திருந்தது. அண்ணன் சீருடையோடு மூலையில் உட்கார்ந்திருந்தான், முன்னால் ஆறிப்போன டீ.

"உட்காருங்க," என்றார் அப்பா, கப்பல்காரரைப் பார்த்து. "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கப்பல்?"

"காலையில ஆறு மணிக்குங்க."

"சீக்கிரம் தூங்கணும் அப்போ."

அவர் பார்வை சின்னவள் நின்ற இடத்தைக் கடந்து, கதவைப் பார்த்து, நோட்டுக்குத் திரும்பியது. நடுவில் ஒரு ஆள் நிற்பதே தெரியாத மாதிரி. மார்க்கெட்டில் பார்த்த அதே மரியாதை. பதினொரு வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது வீட்டுக்குள் வந்துவிட்டது. அவள் அறைக்குள் போய்க் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா போன் பேச ஆரம்பித்தார். நோட்டில் முதல் பெயரிலிருந்து. ஒவ்வொரு எண்ணாக அவர் அழுத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கதவோடு ஒட்டிக்கொண்டாள். பெண் ஓடிப்போய்விட்டாள் என்று சொல்வாரா, பெண்ணே இல்லை என்று சொல்வாரா?

"வணக்கம்ங்க. சின்னவ கல்யாணம் முடிஞ்சிருச்சு. இன்னிக்குக் காலையில. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. மண்டபம் எல்லாம் இல்லைங்க, மன்னிக்கணும்." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, அப்பாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ஓடிப்போனாளா? யாருங்க சொன்னது? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்குப் போன்ல சொன்னா. வாங்கப்பான்னு கூப்பிட்டா. கடையில ஆள் நின்னாங்க, நான்தான் போகல."

அடுத்த எண். மறுபடி அதே வார்த்தைகள். "முன்னாடியே எனக்குச் சொன்னா. நான்தான் போகல." இருபது பேர், முப்பது பேர். குரல் கம்மியது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். விளக்குப் போட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. ஊரில் எல்லாரிடமும் அவளைப் பற்றிப் பேசினார், சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வரி வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். ஒருதடவைகூட அவர் அதை விடவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பல் போனது. கப்பல்காரர் திரும்பிவந்து தனி வீடு பார்க்கும்வரை அவள் அங்கேயேதான் இருந்தாள். தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்பா, போயிட்டு வரேன்" என்று அவர் முதுகிடம் சொல்வாள். பதில் வராது. சாயங்காலம் வந்து, "அப்பா, வந்துட்டேன்" என்பாள். அவர் நிறுத்தினால் நிறுத்தட்டும், தானும் நிறுத்திவிட்டால் அது அப்படியே உறைந்துபோகும் என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணன் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸையே நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறுகிற அத்தையிடம் இப்போது பேசுகிறான். அது அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று அண்ணன் தங்கை இருவருக்கும் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் காலை அவள் வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

"பின்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழல," என்றார் அப்பா. செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வரும்போது கடைக்கு வந்து புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா. எட்டு அங்குலம்."

படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது தப்பாகச் சொல்லி இதையும் கெடுத்துக்கொண்டுவிடுவோமோ என்று பயந்து, நன்றாக யோசித்து, "சரிப்பா, எட்டு அங்குலம்" என்று மட்டும் சொன்னாள்.